பேனலில் இல்லாத பல் கிளைமுக்குத் தள்ளுபடிக் கடிதம் வந்தால்: இரவு ஷிப்ட்டில் இருப்பவர்களுக்கு

அமெரிக்கப் பல் கிளினிக்குகளின் பில்லிங் வேலையைக் கோலாலம்பூரில் இருந்தோ பினாங்கில் இருந்தோ பார்ப்பவர்களுக்கு, கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் இந்தத் தாள் பழக்கமானதுதான். மேலே நோயாளியின் பெயர், கிளைம் எண், சிகிச்சை நடந்த தேதி. நடுவில் மூன்று எண்கள்: கிளினிக் போட்ட பில் 1,450 டாலர், தள்ளுபடி 290, ஒப்புக்கொள்ளும் தொகை 1,160. அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு. ‘48 மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்பினால் பணம் விரைவாக வரும்’ என்று தடித்த எழுத்து. பல சமயம் இதை அனுப்புவது காப்புறுதி நிறுவனமே அல்ல, அதன் சார்பில் பேரம் பேசும் இடைநிலை நிறுவனம். மிச்சப்படுத்திய தொகையில் ஒரு பங்கைக் கூலியாக வாங்கும் நிறுவனங்கள் இதில் உண்டு. அதனால்தான் இவ்வளவு அவசரம்.

புதிதாக வேலைக்கு வந்தவர் இந்தத் தாளைப் பார்த்ததும் 1,160 டாலர் வரப்போகிறது என்று நினைப்பார். வராது. 1,160 என்பது காசோலைத் தொகை இல்லை, கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் கட்டணம் மட்டும்தான். கிரவுனுக்கு (பல்லின் மேல் மாட்டும் உறை) அந்தப் பிளான் 50 சதவீதம் கொடுத்தால் நிறுவனத்திடம் இருந்து 580தான் வரும். டிடக்டிபிள், அதாவது காப்புறுதி கொடுக்கத் தொடங்கும் முன் நோயாளி தானே ஏற்க வேண்டிய தொகை, 50 டாலர் இன்னும் கழியாமல் இருந்தால் 555. மீதியை நோயாளியிடம்தான் வாங்க வேண்டும். அதோடு, கையெழுத்துப் போட்ட பிறகு அந்த 290 டாலரை யாரிடமும் கேட்க முடியாது.

நம் ஊர் ஆட்களுக்கு இதைப் பேனல் கிளினிக் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். பேனலில் உள்ள கிளினிக் குறைந்த கட்டணத்துக்கு முன்பே ஒப்பந்தம் போட்டிருக்கும், அதற்கு மேல் வாங்கக் கூடாது. பேனலில் இல்லாத கிளினிக்குக்கு அந்தக் கட்டு இல்லை. காப்புறுதி கொடுத்தது போக மீதி முழுவதையும் நோயாளியிடம் பொதுவாகக் கேட்கலாம். தள்ளுபடிக் கடிதம் கேட்பது, இந்த ஒரு கிளைமுக்கு மட்டும் பேனல் கிளினிக் போல நடந்துகொள்ளுங்கள் என்பதைத்தான். வித்தியாசம் ஒன்றுதான்: பேனலில் சேர்ந்தால் நோயாளிகள் தேடி வருவார்கள், இங்கே அந்த ஆதாயம் இல்லை.

மெடிக்கல் பில்லிங்கில் இருந்து பல் பக்கம் மாறியவர்கள் ஓர் இடத்தில் குழம்புவார்கள். எதிர்பாராத மருத்துவப் பில்களில் இருந்து நோயாளியைக் காக்க 2022 முதல் நடப்பில் உள்ள ‘நோ சர்ப்ரைசஸ்’ சட்டம், அதன் பேச்சுவார்த்தைக் காலம், நடுவர் முறை எல்லாம் தனியாக எடுத்த பல் காப்புறுதிக்குப் பொருந்தாது. பதில் போடாவிட்டால் விவகாரம் நடுவரிடம் போகும் என்ற பயம் வேண்டாம். பதில் போடாவிட்டால் கிளைம் அந்தப் பிளானின் வழக்கமான விதிப்படி போகும், அவ்வளவுதான்.

கையெழுத்து யாருடையது

உங்களுடையது அல்ல. முன்மேசையில் இருக்கும் பெண்ணுடையதும் அல்ல. கிளினிக்கின் வருமானத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் இது. போட வேண்டியது மருத்துவர், அல்லது அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த ஆள். கிளினிக்கோடு வேலை தொடங்கும்போதே ஒரு பக்கத்தில் இதை எழுதி வாங்கிவிடுங்கள்: எத்தனை சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கேட்டால் நீங்களே மறுக்கலாம், எதை மருத்துவரிடம் கேட்க வேண்டும், எந்தக் கிளைமிலும் நீங்கள் கையெழுத்திடக் கூடாது. இந்தப் பக்கம் இல்லாத கணக்குகளில்தான் பின்னால் தகராறு வருகிறது. ‘ஏற்கிறேன்’ என்று மின்னஞ்சலில் ஒரு வரி அனுப்பினாலும், தொலைபேசியில் சரி என்று சொல்லி அது பதிவானாலும், ஒப்பந்தமாக எடுத்துக்கொள்ளக்கூடும். ‘வெறும் தகவலுக்காக அழைக்கிறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

இன்னொன்று, அந்தத் தாளைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அதில் நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் சிகிச்சையும் இருக்கின்றன. கிளினிக்கோடு உங்கள் நிறுவனம் போட்டிருக்கும் ஹிப்பா (நோயாளி விவரங்களைக் காக்கும் அமெரிக்கச் சட்டம்) ஒப்பந்தம் நீங்கள் பாயான் லெப்பாஸில் உட்கார்ந்திருந்தாலும் உங்களைக் கட்டுப்படுத்தும்.

முதலில் சரிபார்க்க வேண்டியவை

கணக்குக்குப் போவதற்கு முன் ஐந்து நிமிட வேலை இருக்கிறது. நோயாளி, தேதி, சிகிச்சைக் குறியீடு, பில் தொகை, கிளினிக்கின் வரி எண் எல்லாம் கிளினிக்கின் மென்பொருளில் (டென்ட்ரிக்ஸோ ஈகிள்சாஃப்டோ ஓப்பன் டென்டலோ) உள்ள கிளைமோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். காப்புறுதி நிறுவனத்தை அழைத்து, இந்த இடைநிலை நிறுவனம் உண்மையில் அவர்களுக்காக வேலை செய்கிறதா என்று கேளுங்கள். அழைக்கும் எண் நோயாளியின் அட்டையில் உள்ளதாக இருக்கட்டும், அந்தத் தாளில் அச்சிட்ட எண்ணாக வேண்டாம். கிளினிக் எந்தப் பிபிஓவிலும் (அமெரிக்காவின் பேனல் முறை) அந்த நிறுவனத்துக்காகச் சேர்ந்திருக்கவில்லை என்பதை உறுதி செய்யுங்கள். சேர்ந்திருந்தால் கட்டணம் ஏற்கெனவே முடிவானது, இந்தத் தாளுக்கு அர்த்தமே இல்லை. நோயாளிக்கு இரண்டாவது காப்புறுதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு பிளான் இருக்கும்போது முதல் பிளானில் கட்டணத்தைக் குறைத்தால் இரண்டாவது பிளான் கொடுப்பதும் குறையக்கூடும். அப்படிப்பட்ட கிளைமில் தள்ளுபடி கொடுப்பது இரண்டு பக்கமும் காசை விடுவது போல.

பிறகு கிளைம் படிவத்தின் 37ஆம் கட்டம். நேரடியாகக் கிளினிக்குக்குப் பணம் அனுப்பலாம் என்று நோயாளி அங்கே ஒப்புதல் கொடுத்திருக்கிறாரா? கொடுத்திருந்தும் சில பிளான்கள் பேனலில் இல்லாத கிளினிக்குக்கு அனுப்பாமல் காசோலையை நோயாளிக்கே அனுப்பும். இது பின்னால் முடிவையே மாற்றும்.

கணக்கு

நான்கு எண்கள் தேவை. கிளினிக்கின் முழுக் கட்டணம். அந்தப் பிளான் பேனலில் இல்லாதவர்களுக்கு ஒப்புக்கொள்ளும் தொகை. அந்தச் சிகிச்சைக்குப் பிளான் கொடுக்கும் சதவீதம். நோயாளியின் ஆண்டு உச்சவரம்பில் இன்னும் மிச்சம் இருப்பது.

இரண்டாவது எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அது இரண்டு விதமாக இருக்கும். சில பிளான்கள் யூசிஆர் முறையில் போகும்: அந்த வட்டாரத்துக் கட்டணங்களில் 80ஆவது அல்லது 90ஆவது விழுக்காட்டை (நூறு கிளினிக்குகளின் கட்டணத்தைக் குறைந்ததில் இருந்து அடுக்கினால் 80ஆவதாகவோ 90ஆவதாகவோ வருவது) ஒட்டி எடுத்துக்கொள்ளும். இது ஓரளவு தாராளம். வேறு சில எம்ஏசி முறை: பேனல் கிளினிக்குக்குக் கொடுக்கும் குறைந்த கட்டணத்தையே வெளியாளுக்கும் போடும். கடிதத்தில் இது எங்கும் இருக்காது. அழைத்து, ‘பேனலில் இல்லாதவர்களுக்கு யூசிஆரா, எம்ஏசியா, எத்தனையாவது விழுக்காடு’ என்று கேட்டால் முறையைச் சொல்வார்கள், தொகையைச் சொல்லத் தயங்குவார்கள். தொகைக்கு, அதே குழு எண் (ஒரே பிளானில் உள்ளவர்களுக்குப் பொதுவான எண்) உள்ள வேறு நோயாளியின் பழைய ஈஓபியில், அதாவது எவ்வளவு ஒப்புக்கொண்டோம், எவ்வளவு கொடுத்தோம் என்று காப்புறுதி அனுப்பும் விளக்கத்தாளில், அதே குறியீட்டைத் தேடுங்கள். அதைவிடச் சுலபம், கிரவுன், பிரிட்ஜ் போன்ற பெரிய வேலைக்கு முன்பே காப்புறுதியிடம் முன்மதிப்பீடு வாங்கி வைப்பது. அதில் பிளானின் தொகை அச்சிலேயே வந்துவிடும். முன்மதிப்பீடு கையில் இருந்தால் தள்ளுபடிக் கடிதத்துக்குப் பதில் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

இப்போது அதே கிரவுன், குறியீடு டி2740, முழுக் கட்டணம் 1,450, பிளான் 50 சதவீதம், டிடக்டிபிள் கழிந்துவிட்டது. கடிதம் கேட்கும் தொகை 1,160.

யூசிஆர் பிளானில் ஒப்புக்கொள்ளும் தொகை 1,150 என்று வைப்போம். கையெழுத்துப் போடாவிட்டால் பிளான் 575 கொடுக்கும், நோயாளி 875, மொத்தம் 1,450. போட்டால் பிளான் 580, நோயாளி 580, மொத்தம் 1,160. காப்புறுதி நிறுவனம் கூடுதலாகக் கொடுத்தது ஐந்து டாலர். கிளினிக் இழந்தது 290. நோயாளிக்கு 295 மிச்சம். அதாவது கிளினிக்கின் பணத்தில் நிறுவனம் தன் உறுப்பினருக்குப் பரிசு கொடுக்கிறது. இந்த வகையில் மறுப்பதுதான் சரி.

எம்ஏசி பிளானில் ஒப்புக்கொள்ளும் தொகை 700. போடாவிட்டால் பிளான் 350, நோயாளி 1,100. போட்டால் பிளான் 580, நோயாளி 580. இங்கே நிறுவனம் உண்மையிலேயே 230 டாலர் கூட்டிக் கொடுக்கிறது. கிளினிக் இழப்பது அதே 290தான், ஆனால் நோயாளியிடம் வசூலிக்க வேண்டியது 1,100இல் இருந்து 580ஆகக் குறைகிறது. நோயாளி கொடுப்பாரா மாட்டாரா என்பதில்தான் பதில் இருக்கிறது. அதற்கு ஒரு சிறு வகுத்தல்: பிளான் கூட்டிக் கொடுப்பதை, நோயாளி பங்கில் குறைவதால் வகுக்க வேண்டும். 230ஐ 520ஆல் வகுத்தால் 0.44. நோயாளியிடம் இருந்து பாதிக்குப் பாதியாவது வசூலாகும் என்று நம்பினால் மறுக்கலாம். 44 சதவீதத்துக்குக் கீழே என்றால் ஏற்பதே லாபம். யூசிஆர் கணக்கில் இதே வகுத்தலைச் செய்தால் 5ஐ 295ஆல் வகுக்க 0.02 கூட வராது. நோயாளி ஒரு காசும் தரமாட்டார் என்றால்தான் அங்கே ஏற்க வேண்டும்.

பெரிய பாக்கி சின்னப் பாக்கியைவிட வசூலாவது கடினம். 1,100 கேட்டால் ஓடுபவர் 580 கேட்டால் தவணையில் கட்டிவிடலாம். அதனால் வகுத்தல் தரும் எண்ணுக்குப் பக்கத்தில் நிலைமை இருந்தால் ஏற்கும் பக்கம் சாயலாம்.

ஆண்டு உச்சவரம்பு தனிக் கதை, இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அமெரிக்கப் பல் பிளான்களில் ஆண்டுக்கு 1,000 முதல் 2,000 டாலர் வரையான உச்சவரம்பு மிகச் சாதாரணம். ஒரு ரூட் கெனால், ஒரு கிரவுன், தீர்ந்தது. நோயாளிக்கு 300 டாலர்தான் மிச்சம் என்றால் எந்தத் தொகையைப் போட்டாலும் பிளான் கொடுப்பது அதே 300. கையெழுத்துப் போட்டால் கிளினிக்குக்கு 290 நட்டம், நிறுவனத்துக்கு ஒரு காசும் கூடுதல் செலவில்லை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் வரும் கடிதங்களுக்கு இதைத்தான் முதலில் பாருங்கள். உச்சவரம்பு தீர்ந்த பிறகும் கடிதம் வரும். அனுப்பும் நிறுவனம் அதைப் பார்த்துவிட்டு அனுப்புவதில்லை.

சுத்தம் செய்தல், எக்ஸ்ரே போன்ற 100 சதவீத சிகிச்சைகளில் கணக்கு இன்னும் எளிது. டி1110, கட்டணம் 130, பிளான் ஒப்புக்கொள்வது 110, கேட்பது 104. போடாவிட்டால் பிளான் 110 கொடுத்து நோயாளி 20 தருவார். போட்டால் 104, அதோடு முடிந்தது. நிறுவனம் வழக்கமாகக் கொடுப்பதைவிடக் குறைவாகக் கொடுக்க நாம் கையெழுத்துப் போடுகிறோம். இதற்கு மருத்துவரைத் தொந்தரவு செய்யவே வேண்டாம். வேலை தொடங்கும்போது எழுதி வாங்கும் அந்தப் பக்கத்தில் ‘100 சதவீத சிகிச்சைக்கு எப்போதும் மறுப்பு’ என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

நோயாளி தன் பங்கை அன்றைக்கே கட்டிவிட்டாரா என்பதையும் லெட்ஜரில் பாருங்கள். எம்ஏசி கணக்கில் அவர் 1,100 கட்டியிருந்தால், கையெழுத்துப் போட்ட மறுநாள் 520 டாலர் திருப்பித் தர வேண்டும். வசூலாகிவிட்ட பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்காக ஒப்பந்தம் போடுவது புத்திசாலித்தனம் இல்லை.

எப்போது ஏற்கலாம்

மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால் ஏற்கத் தகுந்த கிளைம் இப்படி இருக்கும்: எம்ஏசி பிளான், உச்சவரம்பில் நல்ல மிச்சம், நோயாளி இன்னும் ஒன்றும் கட்டவில்லை, தள்ளுபடி பத்து முதல் பதினைந்து சதவீதத்துக்குள். அதோடு, காசோலை நோயாளியின் வீட்டுக்குப் போகும் பிளானாக இருந்து, கையெழுத்துப் போட்டால் நேராகக் கிளினிக்குக்கு வரும் என்று எழுத்தில் கொடுத்தால், அது தனி மதிப்பு. நோயாளி காசோலையை மாற்றி வேறு செலவு செய்துவிட்டால் அதைத் துரத்துவது பெரும்பாடு.

விரைவாகப் பணம் வரும் என்ற வாக்குறுதிக்கு அவ்வளவு மதிப்பு கொடுக்காதீர்கள். மின்னணு முறையில் குறையில்லாமல் அனுப்பிய கிளைம் இரண்டு, மூன்று வாரத்தில் தானாகவே முடிவது சாதாரணம். முதலாளி தன் ஊழியர்களுக்காகத் தன் பணத்தில் நடத்தும் பிளான்களுக்கு எரிசா (ஊழியர் நலத் திட்டங்களுக்கான அமெரிக்கச் சட்டம்) சட்டப்படி சிகிச்சைக்குப் பிந்தைய கிளைமில் 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், தக்க காரணம் காட்டி 15 நாள் நீட்டிக்கலாம். பத்து நாள் முன்கூட்டி வாங்குவதற்கு 290 டாலர் கொடுப்பது மிக விலையுயர்ந்த வட்டி.

திருப்பிக் கேட்பது

முதல் கடிதத்தில் உள்ள எண் பாசார் மாலாமில் சொல்லும் முதல் விலை போலத்தான். நேரடியாக மறுக்காமல் எதிர்த்தொகை சொல்ல இடம் உண்டு. ஏற்கத் தகுந்த வகை என்றால் எட்டு சதவீதத்தில் தொடங்குங்கள். 1,450இல் எட்டு சதவீதம் கழித்தால் 1,334. பிளான் பங்கு 667, நோயாளி பங்கு 667. எம்ஏசி கணக்கோடு ஒப்பிட்டு வகுத்தால் 317ஐ 433ஆல் வகுக்க 0.73. முதல் கடிதத்தில் 44ஆக இருந்த எல்லை இப்போது 73. நோயாளியிடம் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வசூலாகும் என்ற உறுதி இல்லாதவரை இதை ஏற்கலாம்.

தொலைபேசியில் சொல்வது சுருக்கமாக இருக்கட்டும். மருத்துவர் 20 சதவீதத்தை ஏற்கவில்லை, எட்டு சதவீதம் என்றால் இன்றே கையெழுத்தாகும், திருத்திய கடிதத்தை அனுப்புங்கள். அவ்வளவு போதும். ஏன் என்று விளக்கப் போனால் அவர்கள் ‘அந்த வட்டாரத்தில் உள்ள சராசரி’ என்று தங்கள் எண்ணைக் கொண்டு வந்து வைப்பார்கள். எதிர் முனையில் இருப்பவருக்கும் ஓர் எல்லை கொடுக்கப்பட்டிருக்கிறது. அதைத் தாண்ட முடியாது என்றால் மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வார். இரண்டாவது முறையும் நகரவில்லை என்றால் மறுத்துவிட்டு அடுத்த கிளைமுக்குப் போங்கள்.

தாளை அடித்து எண்ணை மாற்றி எழுதி அனுப்புவதும் வழக்கம்தான். ஆனால் அவர்கள் பக்கத்தில் ஒருவர் அதை ஏற்று மறுகையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும்வரை அது ஒப்பந்தமல்ல. அந்த நகல் வராமல் லெட்ஜரில் எதையும் எழுதாதீர்கள்.

சின்ன எழுத்து

கையெழுத்துக் கோட்டுக்கு மேலே உள்ள பத்தியை ஒருமுறை மெதுவாகப் படியுங்கள். தேட வேண்டியவை சில.

இந்த ஒரு கிளைமுக்கு மட்டுமா, வருங்காலக் கிளைம்களுக்கும் சேர்த்தா? ‘இனி அனுப்பும் எல்லாக் கிளைம்களும்’ என்றோ, ‘ரத்து செய்யும்வரை’ என்றோ ஒரு வரி இருந்தால் அது தள்ளுபடிக் கடிதம் அல்ல, பேனல் ஒப்பந்தம். அதை அடித்துவிட்டு ‘இந்தக் கிளைம் எண்ணுக்கு மட்டும், பேனலில் சேர்வதாகாது’ என்று எழுதி மருத்துவர் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும்.

‘தகுதிக்கும் பிளான் விதிகளுக்கும் உட்பட்டது’ என்ற வரி கட்டாயம் இருக்கும். இதைச் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடுவோம், ஆனால் நட்டம் வருவது இங்கிருந்துதான். கையெழுத்துப் போட்ட பிறகு, முன்பே விழுந்த பல்லுக்குக் கொடுக்கமாட்டோம் என்றோ, ஐந்து ஆண்டுக்குள் இரண்டாவது கிரவுன் என்றோ பிளான் மறுக்கலாம். பணம் பூச்சியம், ஆனால் நீங்கள் 1,160க்கு மேல் நோயாளியிடம் கேட்க முடியாது. கடைவாய்ப் பல்லில் பீங்கான் கிரவுனுக்கு உலோகக் கிரவுன் விலைதான் என்று தரம் இறக்கிக் கொடுக்கும் பிளான்களும் நிறைய. அப்படி இறங்கினால் வரும் வித்தியாசத்தை நோயாளியிடம் வாங்கலாமா என்று பெரும்பாலான கடிதங்கள் தெளிவாகச் சொல்வதில்லை. டி2950 என்ற பில்டப் வேலையை (கிரவுன் போடும் முன் பல்லை நிரப்பிக் கட்டுவது) கிரவுனுக்குள் சேர்த்து விழுங்கிவிடுவதும் இப்படித்தான்.

இதற்கு மருந்து ஒரு நிபந்தனை: ‘பிளான் இந்தத் தொகையில் தன் முழுப் பங்கையும் 15 வேலை நாளுக்குள் கிளினிக்குக்கு அனுப்பாவிட்டால் இந்த ஒப்பந்தம் செல்லாது.’ இதைச் சேர்க்க அவர்கள் மறுத்தால் கையெழுத்து வேண்டாம். வேறு எந்தப் பேரத்தையும் விட்டுக்கொடுக்கலாம், இதை விடக் கூடாது.

பணம் எப்படி வரும் என்பதையும் பாருங்கள். ஃபேக்ஸிலோ மின்னஞ்சலிலோ ஒற்றைப் பயன்பாட்டு விர்ச்சுவல் கார்டு எண் அனுப்பும் பழக்கம் உண்டு. அதைக் கிளினிக்கின் இயந்திரத்தில் போட்டால் கார்டுக் கட்டணம் கழியும். மூன்று சதவீதம் என்றாலே 580இல் 17 டாலர் 40 சென்ட். வங்கிக் கணக்குக்கு நேரடியாக மின்னணு முறையில் அனுப்பக் கேட்கும் உரிமை கிளினிக்குக்கு இருக்கிறது. ‘விர்ச்சுவல் கார்டு ஏற்கப்படாது’ என்று அதே தாளில் எழுதிவிடலாம்.

கடிகாரம்

கோடையில் நியூயார்க்குக்கும் நமக்கும் 12 மணி நேரம் வித்தியாசம், குளிர்காலத்தில் 13. கலிபோர்னியாவுக்கு 15, 16. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மணியை மாற்றுவார்கள். நாம் மாற்றுவதில்லை. வியாழன் மாலை மூன்று மணிக்கு அங்கே வந்த தாள் இங்கே வெள்ளி அதிகாலை. ‘வெள்ளி மாலை 5 மணிக்குள்’ என்றால் நம் கணக்கில் சனி காலை 5 மணி, குளிர்காலத்தில் 6. ஷிப்ட் வெள்ளி இரவு தொடங்கி சனி காலை முடிகிறது என்றால் நேரம் இருக்கிறது. வியாழன் இரவு ஷிப்ட்டோடு வாரம் முடிந்தால் இல்லை. தீபாவளி வாரம், சீனப் பெருநாள் வாரம் இரண்டிலும் ஃபேக்ஸ் பெட்டியை யார் பார்ப்பது என்று முன்பே பெயர் எழுதி வையுங்கள். அமெரிக்காவில் அன்று சாதாரண வேலை நாள்.

காலக்கெடு தவறினால் கிளைம் செத்துப் போவதில்லை. முன்பு சொன்னபடி வழக்கமான வழியில் போகும். ஏற்கத் தகுந்த கிளைமில் மட்டும்தான் கெடுவைப் பற்றிக் கவலை. அதற்கும் அழைத்துக் கேட்டால் புதுக் கடிதம் கிடைக்க வாய்ப்பு உண்டு. மறுப்பதாக இருந்தாலும் ‘மறுக்கப்பட்டது’ என்று எழுதித் திருப்பி அனுப்புவது நல்லது. பேசாமல் இருந்தால் அதே கிளைமுக்கு மூன்று முறை தாள் வரும், முன்மேசையை அழைத்துத் துளைப்பார்கள், அங்கே யாராவது சலிப்பில் சரி என்று சொல்லிவிடுவார்கள்.

கையெழுத்துக்குப் பிறகு

கிளைமில் உள்ள கட்டணத்தை மாற்றாதீர்கள். 1,450 அப்படியே இருக்கட்டும். 290ஐத் தனி வகைக் கழிவாக, ‘பேனல் அல்லாத ஒப்பந்தக் கழிவு’ என்பது போன்ற பெயரில் போடுங்கள். சாதாரணப் பிபிஓ கழிவோடு கலந்தால் ஆண்டு முடிவில் இந்தக் கடிதங்களுக்கு மருத்துவர் எவ்வளவு விட்டார் என்று சொல்ல முடியாது. ஈஓபி வரும் முன்பே கழிவைப் போடுவதும் தவறு. ஒப்பந்தம் செல்லாமல் போனால் திருப்பிப் போட மறந்துவிடுவோம்.

ஈஓபி வந்ததும் ஒப்புக்கொண்ட தொகை 1,160தானா என்று பாருங்கள். 700 என்று போட்டு 350 அனுப்பியிருந்தால் அது நடக்காத விஷயமல்ல. கிளைம் பகுதிக்கும் பேரம் பேசிய நிறுவனத்துக்கும் இடையே தகவல் போய்ச் சேராததுதான் பெரும்பாலும் காரணம். இருவரும் கையெழுத்திட்ட நகலை இணைத்து மறுபரிசீலனை கேளுங்கள். எரிசா பிளான்களில் மேல்முறையீட்டுக்குக் குறைந்தது 180 நாள் உண்டு, ஆனாலும் முதல் வாரத்திலேயே கேட்பது எளிது.

நோயாளியின் 580ஐ வாங்காமல் விட்டுவிடலாமா என்று சில கிளினிக்குகள் கேட்கும். கூடாது. காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாமல் நோயாளியின் பங்கை வழக்கமாகத் தள்ளுபடி செய்வதை அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் நெறிமுறை 5.பி.1 கூடுதல் பில்லிங் என்றே சொல்கிறது. பல மாநிலங்களில் அது சட்டச் சிக்கலும்கூட.

தாளே வராமல் தள்ளுபடி மட்டும் வந்தால்

யாரும் கையெழுத்துப் போடவில்லை, ஆனால் ஈஓபியில் ‘ஒப்பந்தத் தள்ளுபடி’ என்று 400 டாலர் கழித்து, நோயாளி அதைக் கொடுக்க வேண்டாம் என்று அச்சிட்டிருக்கும். இரண்டு காரணம் இருக்கலாம். மருத்துவர் எப்போதோ சேர்ந்த ஒரு பேனல் தன் கட்டணப் பட்டியலை இந்த நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கலாம். அல்லது வெறும் பிழை. எந்த நெட்வொர்க் வழியாக இந்தத் தள்ளுபடி, மருத்துவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். நகல் காட்டினால், அந்தப் பேனலுக்கு எழுதி, இப்படி வாடகைக்கு விடுவதில் இருந்து விலக வழி இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். காட்ட முடியாவிட்டால் கிளைமைத் திருத்தி மறுபடி நடத்தச் சொல்லுங்கள். திருத்திய ஈஓபி வரும்வரை நோயாளிக்கு அந்த 400க்குப் பில் அனுப்பாதீர்கள். அவர் கையில் இருக்கும் தாள் கொடுக்க வேண்டாம் என்கிறது, கிளினிக் கொடு என்றால் சண்டை வரும்.

மறுத்த கிளைம்களிலும் நோயாளியிடம் இருந்து அழைப்பு வரும். ‘உங்கள் கிளினிக் தள்ளுபடி தர மறுத்ததாக இன்சூரன்ஸில் சொன்னார்கள்’ என்பார். முன்மேசைக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள்: நாங்கள் அந்தக் காப்புறுதியின் பேனலில் இல்லை, சிகிச்சைக்கு முன் கொடுத்த மதிப்பீட்டில் உள்ள தொகைதான் இப்போதும். சிகிச்சைக்கு முன் மதிப்பீட்டில் நோயாளி கையெழுத்திட்டிருந்தால் இந்தப் பேச்சு ஒரு நிமிடத்தில் முடியும். இல்லாவிட்டால் அரை மணி நேரம்.

கடைசியாக ஒரு எக்செல் தாள். வந்த தேதி, காப்புறுதி, பேரம் பேசிய நிறுவனம், குழு எண், குறியீடு, முழுக் கட்டணம், கேட்ட தொகை, எதிர்த்தொகை, யூசிஆரா எம்ஏசியா, முடிவு, உண்மையில் வந்த பணம், வந்த தேதி. நோயாளியின் பெயருக்குப் பதில் கிளைம் எண் மட்டும். மறுத்த கிளைம்களையும் எழுத வேண்டும், அவற்றுக்குப் பிளான் கடைசியில் எவ்வளவு ஒப்புக்கொண்டது என்பதுதான் இந்தத் தாளில் மிக மதிப்புள்ள பத்தி. மூன்று மாதம் நிரப்பினால் அடிக்கடி வரும் குழு எண்களுக்கு, கணக்கில் சொன்ன அந்த இரண்டாவது எண், அதாவது பிளான் ஒப்புக்கொள்ளும் தொகை, உங்கள் கையிலேயே இருக்கும், யாரையும் அழைத்துக் கேட்க வேண்டியிராது.